இறுக மூடிய புட்டிக்குள் வண்டு எப்படி வந்தது? (பயறு வண்டு: விவாத இழை)

விதைப்பெட்டி | முதல் நாள், காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக ஒரே தட்டைப்பயறு விதையை விதைத்து, அறுத்து, மீண்டும் விதைக்கு எடுத்து வைத்துக் காத்துவருகிறேன். இந்த முறை அறுவடை முடிந்ததும் மூன்று நாள் வெயிலில் காய வைத்தேன். முறத்தில் புடைத்து, ஒவ்வொரு விதையாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஒரு துளைகூட இல்லை. புதிதாக வாங்கிய கண்ணாடிப் புட்டியைக் கழுவித் துடைத்து, அதில் போட்டு இறுக மூடி அலமாரியில் வைத்தேன். அதன்பிறகு ஆறு வாரம் அதைத் தொடவே இல்லை.

இன்று காலை எடுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிற வண்டுகள் ஊர்கின்றன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். சில விதைகளில் ஊசியால் வட்டம் போட்டுக் குடைந்ததுபோல ஒழுங்கான துளைகள். புட்டியின் அடியில் கொஞ்சம் மாவு. மூடியிலோ கண்ணாடியிலோ விரிசல் எதுவும் இல்லை. இவை எந்த வழியாக உள்ளே போயின? எனக்கு இன்னும் முக்கியமான கேள்வி, இந்த விதையைக் காப்பாற்ற முடியுமா? இதைவிட்டால் என்னிடம் வேறு விதை இல்லை.

---

கிடங்குக்காவலர் | முதல் நாள், காலை 8.25

அவை உள்ளே போகவில்லை ஐயா, உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கின்றன. நீங்கள் மூடும்போதே விதைக்குள் இருந்தன. இருபது ஆண்டுகளாகத் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். சுத்தமாகத் தெரியும் மூட்டையைத்தான் நான் அதிகமாகச் சந்தேகப்படுவேன். கண்ணுக்குத் துளை தெரிகிறதென்றால் ஒரு தலைமுறை முடிந்து, வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள்.

விதையின் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா? உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

---

விதைப்பெட்டி | முதல் நாள், காலை 9.00

இருக்கின்றன. முதலில் தூசி என்று நினைத்தேன், விரலால் தேய்த்தாலும் போகவில்லை. நகத்தால் சுரண்டினால்தான் உதிர்கிறது. துளையில்லாத விதைகளிலும் உள்ளது. ஒன்றில் ஒரு புள்ளி, சிலவற்றில் இரண்டு மூன்று. பெரும்பாலானவை சுண்ணாம்பு போல வெள்ளை. சில மட்டும் கண்ணாடித் துளிபோல உள்ளே தெரியும்படி இருக்கின்றன.

---

இலைவண்டு ஆய்வாளர் | முதல் நாள், காலை 9.50

நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் இதில் முக்கியமானது. நான் இந்த வண்டுகளைப் படிக்கும் மாணவி. சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கல்லோசோபுருக்கஸ் மாக்குலேட்டஸ். தட்டைப்பயறின் நிரந்தர எதிரி இது. தாய் வண்டு ஒவ்வொரு முட்டையையும் விதைத் தோலின்மேல் பசைபோட்டு ஒட்டிவைக்கும். புதிதாக இட்ட முட்டையின் ஊடே பார்க்க முடியும். நான்கு முதல் ஆறு நாட்களில் உள்ளே புழு உருவாகிறது. அந்தப் புழு முட்டையின் மேற்புறத்தை உடைத்துக்கொண்டு வருவதில்லை. முட்டை ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தையே கடித்து, அங்கிருந்து நேராக விதைத் தோலைக் குடைந்து உள்ளே போய்விடுகிறது. குடையும்போது விழும் தூளெல்லாம் காலியான முட்டை ஓட்டுக்குள் நிரம்புகிறது. அதனால்தான் அது வெள்ளையாகிறது.

அதாவது வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தால் அந்த விதைக்குள் ஒரு புழு நுழைந்திருக்கிறது. கண்ணாடித் துளிபோல இருப்பது இன்னும் பொரிக்காத முட்டை, அல்லது பொரிக்கவே போகாத முட்டை.

உள்ளே போன புழு நான்கு பருவங்களைக் கடக்கும். வெளியே தலைகாட்டவே காட்டாது. கூட்டுப்புழு ஆவதற்கு முன்பு விதைத் தோலுக்கு மிக அருகில்வரை தின்றுவந்து, தோலை மட்டும் மெல்லிய ஜன்னல்போல விட்டுவைக்கும். விதையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் கொஞ்சம் கறுத்த வட்டமாகத் தெரியும். பிறகு முதிர்ந்த வண்டு அந்த வட்டத்தை மூடிபோல வெட்டித் தள்ளிவிட்டு வெளியே வருகிறது. நீங்கள் பார்த்த ஒழுங்கான துளை அதுதான். சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து வண்டு வரை நான்கு வாரங்கள்கூட ஆவதில்லை.

இப்போது உங்கள் ஆறு வாரத்தைக் கணக்கிடுங்கள். நான்காவது வாரத்தில் முதல் தலைமுறை வெளிவந்திருக்கும், அதனால்தான் துளைகள் சிலவே. அவை இணைசேர்ந்து இட்ட முட்டைகள்தாம் இந்த வெள்ளைப் புள்ளிகள். இரண்டாம் தலைமுறை இன்னும் சிறு புழுவாக விதைக்குள் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டும்.

---

ஏர்க்கால் | முதல் நாள், முற்பகல் 11.15

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தால் வண்டு கிட்டே வராது என்பது என் அனுபவம். நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் வைக்கிறேன், ஒரு பிடி விதைகூட உளுத்ததில்லை. படித்த பிள்ளைகள் இதைச் சிறிதாக எண்ணக்கூடாது.

---

இலைவண்டு ஆய்வாளர் | முதல் நாள், நண்பகல் 12.05

சிறிதாக எண்ணவில்லை ஐயா. வேம்பில் பூச்சியைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. வெளியிலிருந்து வரும் வண்டைக் காய்ந்த இலை ஓரளவு தடுக்கலாம். ஆனால் விதைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் புழுவுக்கு இலையின் வாசனை எட்டாது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். காய்களை எப்போது பறிப்பீர்கள்? எல்லாம் காய்ந்தபிறகு செடியோடு அறுப்பீர்களா?

---

ஏர்க்கால் | முதல் நாள், பிற்பகல் 3.40

செடியோடு அறுக்கும் வழக்கமே எனக்கு இல்லை மகளே. காய் முற்றிப் பழுத்து நிறம் மாறியதுமே இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்துவிடுவேன். வெடிக்க விடமாட்டேன். பறித்த காயை வயலோரத்தில் குவித்து வைப்பதும் கிடையாது, அன்றே உதிர்த்துக் காயப் போடுவேன்.

---

இலைவண்டு ஆய்வாளர் | முதல் நாள், பிற்பகல் 4.20

உங்கள் விதையைக் காத்தது பெரிதும் இந்தப் பழக்கம்தான் ஐயா, இதை எல்லோரும் படிக்க வேண்டும். தாய் வண்டு வயலுக்குப் பறந்துவந்து முற்றிக் காயும் காய்களின்மேல் முட்டையிடுகிறது. காய்த்தோலைக் குடைந்து விதையை அடைவதற்குள் பல புழுக்கள் இறந்துவிடும். காய் வெடித்திருந்தால் அந்தத் தடையே இல்லை, வெளியே தெரியும் விதையின் மேலேயே முட்டை இட்டுவிடும். செடியில் காய் எத்தனை நாள் காய்ந்து நிற்கிறதோ, அத்தனை நாளும் வண்டுக்கு வாய்ப்பு. வயலிலிருந்து வரும்போது நூற்றில் ஒன்றிரண்டு விதையில்தான் புழு இருக்கும், கண்ணில் படாது. சேமிப்பில்தான் அது பெருகுகிறது.

எவ்வளவு பெருகும் என்று கேட்டால், ஒரு தாய் வண்டு நூறு முட்டை வரை இடக்கூடியது. குறைத்தே கணக்கிடுவோம். 50 மட்டும் பிழைத்து, அதில் பாதி பெண் என்றால் அடுத்த தலைமுறையில் 25 தாய்கள். அவை தரும் வண்டுகள் 1,250. அதற்கும் அடுத்த தலைமுறையில் 31,250. ஏறக்குறைய மூன்று மாதங்களில், விதை தீர்ந்துபோகாதவரை, ஒரே ஒரு தாயிலிருந்து இவ்வளவு. இத்தனைக்கும் முதிர்ந்த வண்டு உணவும் தண்ணீரும் இல்லாமலேயே பத்து நாளுக்கு மேல் வாழ்ந்து முட்டையிட்டு முடித்துவிடும். புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததே அதற்குப் போதும்.

---

விதைப்பெட்டி | முதல் நாள், மாலை 6.30

நான் காய்களெல்லாம் ஒன்றாகக் காயட்டும் என்று மூன்று வாரம் செடியிலேயே விட்டிருந்தேன். பாதிக் காய்கள் வெடித்திருந்தன. இப்போது புரிகிறது.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்தேனே, அதில் புழு சாகாதா? பிறகு, காற்றுப் புகாத புட்டியில் மூச்சு முட்டியாவது சாகவேண்டாமா?

---

கிடங்குக்காவலர் | முதல் நாள், இரவு 8.00

புட்டியில் எவ்வளவு விதை இருந்தது?

---

விதைப்பெட்டி | முதல் நாள், இரவு 8.10

கால் புட்டிதான் இருக்கும். புட்டி பெரியது.

---

கிடங்குக்காவலர் | முதல் நாள், இரவு 8.45

அங்கேதான் தவறியது ஐயா. மீதி முக்கால் புட்டியும் காற்று. அந்தப் பத்து வண்டுகளுக்கும் அவற்றின் பிள்ளைகளுக்கும் அது தாராளம். காற்றுப் புகாத சேமிப்பு வேலை செய்ய வேண்டுமென்றால், உள்ளேயே காற்று மிகக் குறைவாக இருக்க வேண்டும். புட்டியின் கழுத்துவரை விதையை நிரப்பித் தட்டித்தட்டி இறக்கி, இடைவெளியே இல்லாமல் மூடினால் உள்ளிருக்கும் பூச்சிகளே அந்தக் கொஞ்சக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

நாங்கள் மூன்றடுக்குப் பைகளைப் பயன்படுத்துகிறோம். உள்ளே 80 மைக்ரான் தடிமனில் இரண்டு பாலித்தீன் பைகள், ஒன்றுக்குள் ஒன்று. வெளியே சாதாரண நெய்த சாக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறுக்கி, மடித்து, கயிற்றால் கட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உள்பையின் ஓரத்தில் இருக்கும் விதையிலிருந்து வரும் வண்டு சில நேரம் அந்தப் பையைத் துளைத்துவிடும். இரண்டாவது பை அதற்காகத்தான்.

---

இலைவண்டு ஆய்வாளர் | முதல் நாள், இரவு 9.30

இந்தப் பைகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை தட்டைப்பயறுக்காகவே பிறந்தவை. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் குழுவினர், ஆப்பிரிக்காவின் கேமரூனில் அந்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து சிறு உழவர்களுக்காக உருவாக்கிய முறை இது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வண்டு ஏன் சாகிறது என்பது. மூச்சுத் திணறல்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். அதே குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. காய்ந்த விதையில் ஈரம் மிகக் குறைவு. புழு தனக்கு வேண்டிய தண்ணீரைக் குடித்துப் பெறுவதில்லை. தின்ற மாவுப்பொருளை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, அந்த வேதிமாற்றத்தில் உண்டாகும் நீரைக் கொண்டே வாழ்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் தின்பதை நிறுத்துகிறது, அந்த நீரும் கிடைப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வறண்டு இறக்கிறது. எல்லாம் சாகச் சில வாரங்கள் ஆகலாம், ஆனால் தின்பது மிக விரைவிலேயே நின்றுபோகும். நமக்கு வேண்டியது அதுதான்.

வெயில் பற்றிக் கேட்டீர்கள். திறந்த களத்தில் பரப்பிய விதை, எல்லாப் பருவமும் சாகும் அளவுக்குச் சூடாவதில்லை. ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டு நிழலுக்கு ஓடும், உள்ளே இருக்கும் புழு தாக்குப்பிடிக்கும். விதை 57 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமே இறக்கின்றன. இதை வெயிலைக் கொண்டே செய்யலாம். தரையில் வைக்கோல் அல்லது சருகைப் பரப்பி, அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மெல்லிய அடுக்காக விதை, அதற்கும் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். ஓரங்களை மடித்துக் கல் வைத்து அழுத்திவிட வேண்டும். சுட்டெரிக்கும் வெயிலில் உள்ளே தேவையான சூடு ஏறிவிடும். ஒரு வெப்பமானியை விதைக்கு நடுவே செருகிப் பாருங்கள், ஊகத்தில் செய்ய வேண்டாம்.

---

மூட்டைக்காரன் | இரண்டாம் நாள், காலை 6.50

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? ஒரு மாத்திரை போட்டு மூடிவைத்தால் இரண்டு நாளில் எல்லாம் காலி. அலுமினியம் பாஸ்பைடு. எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே போடுகிறார்கள்.

---

கிடங்குக்காவலர் | இரண்டாம் நாள், காலை 7.15

தம்பி, இதை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள், செய்கிறவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை வெளியிடுகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று ஒரு கிராம் பாஸ்பீனைத் தரும். அது அறை விட்டு அறைக்கு, சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். பாஸ்பீன் நஞ்சேறியவருக்கு மாற்றுமருந்து கிடையாது. கிடங்கிலேயே பயிற்சி பெற்று உரிமம் வைத்திருப்பவர் மட்டும்தான் அதைக் கையாளலாம். தார்ப்பாய் போர்த்தி, ஓரம் முழுக்க மணற்பைகளை அடுக்கி, எச்சரிக்கைப் பலகை வைத்து, வாயுவை அளக்கும் கருவியோடு வேலை செய்கிறோம். முடிந்ததும் காற்றாட விட்டு, அளந்து பார்த்துத்தான் உள்ளே காலெடுத்து வைப்போம். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

இரண்டு நாளில் எல்லாம் காலி என்பதும் தவறு. முட்டையும் கூட்டுப்புழுவும் மிகக் குறைவாக மூச்சுவிடுபவை, அதனால் வாயு அவற்றை எளிதில் கொல்லாது. குறுகிய காலம் போட்டுத் திறந்தால் ஊர்கிற வண்டு மட்டும் சாகும், மிச்சம் இருப்பது அடுத்த மாதம் வரும். அரைகுறையாகப் போட்டுப் போட்டுத்தான் சேமிப்புப் பூச்சிகள் பலவற்றுக்கு இந்த வாயுவையே தாங்கும் தன்மை வந்திருக்கிறது.

---

மூட்டைக்காரன் | இரண்டாம் நாள், காலை 7.40

இவ்வளவு ஆபத்து என்று தெரியாது. அவர்களிடம் இன்றே பேசுகிறேன். நன்றி அண்ணா.

---

பட்டாணிப்பந்தல் | இரண்டாம் நாள், காலை 10.20

இடையில் என் கேள்வியும். நான் பட்டாணி விதை சேமிக்கிறேன். விதைக்க எடுத்தபோது சிலவற்றில் பெரிய துளை, ஒரு விதைக்கு ஒன்றுதான். உள்ளே பருத்த வண்டு. பயந்துபோய் எல்லாவற்றையும் வறுத்துக் கொட்டிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் ஆறு மாதமாக எண்ணிக்கை கூடவே இல்லை. ஏன்?

இன்னொரு பையில் சிவப்பு பீன்ஸ் விதை உள்ளது. அதில் துளைகள் நிறைய, ஆனால் நீங்கள் சொல்லும் வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

---

இலைவண்டு ஆய்வாளர் | இரண்டாம் நாள், முற்பகல் 11.30

எந்த வண்டு என்று தெரியாமல் மருந்து தேடக்கூடாது என்பதற்கு உங்கள் இரண்டு பைகளும் நல்ல சான்று.

பட்டாணியில் இருப்பது புருக்கஸ் பைசோரம். ஆண்டுக்கு ஒரே தலைமுறை. பசுங்காயில்தான் முட்டையிடும், காய்ந்த விதையில் இனம் பெருக்க அதற்குத் தெரியாது. தாய் வண்டின் முட்டை முதிர்வதற்குப் பட்டாணிப் பூவின் மகரந்தம் வேண்டும். ஒரு பட்டாணிக்குள் பல புழுக்கள் நுழைந்தாலும் கடைசியில் ஒன்றுதான் வண்டாக வெளிவரும். ஆகவே சேமிப்பில் எண்ணிக்கை கூடாது. நீங்கள் செய்யவேண்டியது, உயிருள்ள வண்டோடு விதையை வயலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. போனால் அடுத்த பூப்பருவத்துக்கு நீங்களே விருந்தாளியை அழைத்துப் போனதாகிவிடும். ஃபாபா பீன்ஸுக்கும் மைசூர்ப் பருப்புப் பயிருக்கும்கூட இதே புருக்கஸ் பேரினத்தைச் சேர்ந்த தனித்தனி வண்டுகள் உண்டு.

பீன்ஸ் பையில் இருப்பது பெரும்பாலும் அகாந்தோசெலைடிஸ் ஆப்டெக்டஸ். அது முட்டையை ஒட்டுவதில்லை, விதைகளுக்கு நடுவே சும்மா உதிர்த்துவிட்டுப் போகிறது. பொரித்த புழுவுக்குக் கால்கள் உண்டு, நடந்துபோய்த் தனக்கொரு விதையைத் தேடிக்கொள்ளும். குடைய ஆரம்பிப்பதற்கு இரண்டு விதைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடுக்கு வேண்டும். முதுகை ஒரு விதையில் முட்டுக்கொடுத்து அடுத்த விதையைக் கடிக்கிறது. ஒரே இடத்தில் விடாமல் குடைந்தால்தான், ஏறக்குறைய ஒரு நாளில் உள்ளே போக முடியும்.

அந்த முட்டுக்கொடுப்பதைக் கலைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1991-இல் வந்த ஆய்வு அது. பாதி நிரம்பிய புட்டியையும் சாக்கையும் தினமும் காலையிலும் மாலையிலும் சற்றே உருட்டிவைத்தார்கள். குடைந்துகொண்டிருந்த இடம் ஒவ்வொரு முறையும் தவறிப்போய், புழு மீண்டும் முதலிலிருந்து தொடங்கித் தொடங்கியே களைத்துச் செத்தது. நஞ்சில்லை, செலவில்லை. ஆனால் தட்டைப்பயறு வண்டுக்கு இது உதவாது, அதன் புழு ஒட்டிய முட்டையிலேயே முட்டுக்கொடுத்துக்கொண்டு இறங்கிவிடும்.

இதற்கு நேர்மாறாக, எண்ணெய் பூசும் முறை ஒட்டிய முட்டைகளுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். ஒரு கிலோ விதைக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு விதையும் பளபளக்கும்வரை கையால் புரட்டினால், முட்டையின்மேல் எண்ணெய்ப்படலம் படிந்து உள்ளே இருக்கும் கரு மூச்சுமுட்டிச் சாகும். ஏற்கெனவே குடைந்து உள்ளே போய்விட்ட புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதனால் எண்ணெய் என்பது அறுவடை முடிந்த உடனே செய்யவேண்டிய வேலை.

---

ஏர்க்கால் | இரண்டாம் நாள், பிற்பகல் 2.00

சாம்பல் கலந்து வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுவும் வீண்தானா?

---

கிடங்குக்காவலர் | இரண்டாம் நாள், பிற்பகல் 2.35

வீண் இல்லை ஐயா, நல்ல முறை. சலித்த நுண்சாம்பல் விதைகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைத்துவிடும், வண்டு நடமாடவும் துணைதேடவும் முட்டையிடவும் இடம் இருக்காது. பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகுப் படலத்தையும் நுண்தூள் கெடுக்கும், உடல் ஈரம் வற்றிப்போகும். களிமண் தூள், டயாட்டம் மண் (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான தூள்) எல்லாம் இதே வழிதான். ஆனால் பெயருக்கு ஒரு பிடி தூவினால் போதாது. சந்தெல்லாம் நிறைய வேண்டும், மேலே விரல் தடிமனுக்கு ஒரு அடுக்கும் போடவேண்டும். சாம்பல் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடித்து விதையே கெட்டுவிடும்.

பருப்பாக உடைத்துவைப்பதும் ஒரு காப்புதான். தோல் நீங்கிய பிளவுப் பருப்பில் இந்த வண்டு முழு விதையில் பெருகுவதுபோலப் பெருகாது. விதைக்கு அது பயன்படாது, உண்பதற்கு வைப்பவர்கள் கவனிக்கலாம்.

---

விதைப்பெட்டி | இரண்டாம் நாள், மாலை 5.15

நேற்றிரவே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். 57 டிகிரியில் முளைப்புத்திறன் போய்விடுமோ என்று பயம். ஒரே விதை, சோதனைக்கு விடமுடியாது. அதனால் உறைபெட்டியில் வைக்கலாமா?

இன்னொன்று. புட்டியை மேசையில் கொட்டியபோது வண்டுகளோடு எறும்பைவிடச் சிறிய கறுப்புக் குளவிகள் இரண்டு பறந்தன. இது இன்னொரு கெடுதலா?

---

இலைவண்டு ஆய்வாளர் | இரண்டாம் நாள், மாலை 6.05

நன்றாகக் காய்ந்த விதை சரியாகச் செய்த சூட்டைப் பொதுவாகத் தாங்கும். ஆனாலும் கையில் இருப்பது ஒரே விதை என்பதால் குளிரைத் தேர்ந்தெடுத்தது சரி. வைப்பதற்கு முன்பு ஈரம் பாருங்கள். கடித்தால் பல்பதியாமல் 'கடக்' என்று உடைய வேண்டும். ஈரவிதையை உறைய வைத்தால் உள்ளே பனி கட்டிக் கரு செத்துவிடும். சிறு சிறு பொதிகளாக, காற்றை அழுத்தி வெளியேற்றிப் பையில் கட்டுங்கள். கழித்தல் 18 டிகிரியில் சிறு பொதிக்கு ஒரு வாரம், பெரிய பொதி என்றால் இரண்டு வாரம், நடுவில் இருக்கும் விதைவரை குளிர் இறங்க அவ்வளவு நேரம் ஆகும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை கட்டியபடியே இருக்கட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த விதையின்மேல் காற்றின் ஈரம் வியர்வைபோலப் படிந்துவிடும்.

குளவிகளைக் கண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவை கெடுதல் இல்லை, டைனார்மஸ் பேசாலிஸ் போன்ற ஒட்டுண்ணிக் குளவியாக இருக்கலாம். விதைக்குள் மறைந்திருக்கும் புழு எங்கே என்று விதையைத் தட்டித்தடவியே கண்டுபிடித்து, முட்டையிடும் ஊசியை விதைத் தோல் வழியே செலுத்தி, புழுவின்மேல் தன் முட்டையை வைக்கும். குளவிக்குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளரும். வண்டின் முட்டைக்குள்ளேயே முட்டையிடும் உஸ்கானா என்ற குளவியும் உண்டு, அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முடிந்தால் அந்த இரண்டையும் கொல்லாமல் வெளியே விடுங்கள். ஆனால் அவற்றை நம்பி விதையை விட்டுவிடாதீர்கள், வண்டு பெருகிய பிறகுதான் குளவி பெருகும்.

---

பட்டாணிப்பந்தல் | இரண்டாம் நாள், இரவு 7.30

வண்டே விழாத ரகம் என்று ஒன்றை உருவாக்க முடியாதா?

---

இலைவண்டு ஆய்வாளர் | இரண்டாம் நாள், இரவு 9.10

முயன்றிருக்கிறார்கள். உங்கள் பட்டாணியில்தான் பெரிய முயற்சி நடந்தது. பீன்ஸ் விதையில் ஒரு புரதம் உண்டு, மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் நொதியை அது முடக்கும். அதைத் தின்ற தட்டைப்பயறு வண்டின் புழு மாவுக்கு நடுவே இருந்துகொண்டே பட்டினியில் சாகும். அந்த மரபணுவை ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தார் 1990-களில் பட்டாணிக்குள் செலுத்தினார்கள். வண்டு எதிர்ப்பு மிகச் சிறப்பாக இருந்தது. ஆனால் பட்டாணிச் செடிக்குள் உருவானபோது அந்தப் புரதத்தின் அமைப்பு சற்று மாறியிருந்தது, அதை உண்ட எலிகளின் உடலில் நோயெதிர்ப்பு வினை தோன்றியது என்று 2005-இல் தெரியவந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்கள். நிறுத்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இயற்கையிலேயே கிடைத்தவையும் உண்டு. காட்டு பீன்ஸில் ஆர்சலின் என்ற புரதம், சாப்ரோட்டஸ் என்ற மற்றொரு பீன்ஸ் வண்டைத் தடுக்கும். பாசிப்பயறின் காட்டு உறவு ஒன்றிலும் வலுவான எதிர்ப்பு கிடைத்தது. தட்டைப்பயறில் நைஜீரியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிலையம் டி.வி.யு. 2027 என்ற வகையைக் கண்டெடுத்தது. அதில் வண்டு அறவே வராது என்பதில்லை, புழுக்கள் பலவும் சாகின்றன, மிஞ்சியவை மெதுவாக வளர்கின்றன. அந்தத் தாமதமே சேமிப்பவருக்குப் பெரிய உதவி. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே விதையில் வளர்த்தால் வண்டும் பழகிக்கொள்கிறது.

---

விதைப்பெட்டி | முப்பத்தோராம் நாள், காலை 8.00

சொன்னபடியே செய்தேன். இரண்டு வாரம் உறைபெட்டி. எடுத்து ஒரு நாள் கட்டியபடியே வைத்துப் பிறகு பிரித்தேன். துளை விழுந்த விதைகளைத் தனியே எடுத்துவிட்டு, வெள்ளைப் புள்ளி உள்ளவற்றில் 20, சுத்தமானவற்றில் 20 எண்ணி ஈரத்துணியில் முளைக்கப் போட்டேன். சுத்தமானவற்றில் 19 முளைத்தன. புள்ளி உள்ளவற்றில் 17. முளைத்த ஒன்றின் பருப்பைப் பிளந்து பார்த்தபோது தோலுக்குச் சற்றுக் கீழே கடுகின் பாதிகூட இல்லாத ஒரு குழி, அதற்குள் சுருண்டு காய்ந்த புழு. அதற்கு மேல் அதனால் போக முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மீதி விதையைக் கழுத்துவரை நிரம்பும் சிறிய புட்டிகளில் மாற்றிவிட்டேன். அவ்வப்போது விதையின்மேல் புதுப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை இல்லை.

---

இலைவண்டு ஆய்வாளர் | முப்பத்தோராம் நாள், காலை 9.15

கண் கலங்கிவிட்டது ஐயா. அந்தக் குழி கருமுளையைத் தொடாததால் விதை பிழைத்தது. இரண்டு வாரம் தாமதித்திருந்தால் பருப்பின் பெரும்பகுதி போயிருக்கும். தனியே எடுத்த துளை விதைகளைக் குப்பையில் வீசாதீர்கள், உறையவைத்தோ கொதிநீர் ஊற்றியோ உள்ளே ஏதும் உயிரோடில்லை என்று உறுதிசெய்தபிறகு உரக்குழியில் போடுங்கள்.

---

ஏர்க்கால் | முப்பத்தோராம் நாள், முற்பகல் 10.40

எட்டு ஆண்டு காத்த விதை ஒரே அலமாரியில் இருந்தது எனக்கு அன்றிலிருந்தே உறுத்திக்கொண்டிருக்கிறது. புட்டியில் ஒரு பிடி மிச்சம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள் தம்பி. காய் நிறம் மாறும் நாளிலேயே பறித்து, உங்களுக்கு இரண்டு பிடியாகத் திருப்பித் தருகிறேன்.

---

விதைப்பெட்டி | முப்பத்தோராம் நாள், முற்பகல் 10.55

இரண்டு பொதியாகவே கட்டிவிட்டேன் ஐயா. ஒன்று உங்களுக்கு. மற்றொன்று கிடங்குக்காவலர் ஐயாவுக்கு, அவர் மறுக்கக்கூடாது.